தச்சுப் பட்டறை கேள்வி-பதில்: வார்னிஷ் மேசையில் விழுந்த பள்ளம்

போன இதழில், வார்னிஷ் போட்ட மேசையில் விழுந்த பள்ளத்தைப் பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, “சின்னப் பள்ளம்தானே, தெளிவான எப்பாக்ஸியை ஒரு சொட்டு விட்டு மட்டம் பண்ணுங்கள், போதும்” என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். (எப்பாக்ஸி என்பது ரெசின், ஹார்டனர் என்ற இரண்டையும் கலந்தால் கெட்டியாக இறுகுகிற பசை.) தப்பு என்னுடையதுதான். எந்த எப்பாக்ஸி, எப்படி மட்டம் பண்ணுவது, ஏற்கெனவே விட்டுக் கெடுத்துக்கொண்டேன் இப்போது என்ன செய்வது என்று வரிசையாகக் கேள்விகள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதே விஷயம்தான். கீல், தாழ்ப்பாள், கரையான் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தேக்கு டைனிங் டேபிள் மேல் பித்தளைக் குத்துவிளக்கின் தலைப்பாகம் விழுந்து, ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வார்னிஷ் உடையவில்லை, நிறமும் அப்படியே இருக்கிறது. எப்பாக்ஸி வேலையை முதலிலிருந்து சொல்லித் தர முடியுமா? (வாசகி, கும்பகோணம்)

வார்னிஷ் உடையவில்லை, நிறம் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்துத்தான் எல்லாமே முடிவாகிறது. மரம் நசுங்கிக் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ரேகையும் நிறமும் குழியின் அடியில் பத்திரமாக இருக்கின்றன. அதன்மேல் கண்ணாடி மாதிரி ஏதாவது ஒன்றை ஊற்றி மட்டத்துக்குக் கொண்டுவந்தால் போதும். கடையில் விற்கிற, ஓட்டை அடைக்கிற மரப் பட்டியை (புட்டி) அப்பினால் உள்ளே இருக்கிற நல்ல ரேகையை மறைத்து, தழும்பு மாதிரி ஒரு திட்டை உண்டாக்கிக்கொள்வீர்கள்.

வார்னிஷையே சொட்டுச் சொட்டாக விட்டால் ஆகாதா என்றால், ஆகும், ஆனால் பொறுமை தீர்ந்துவிடும். வார்னிஷில் பாதிக்குப் பாதி பறந்துபோகிற திரவம். இன்றைக்கு நிரப்பினால் நாளைக்குப் பாதிதான் மிஞ்சும், மறுபடி விட வேண்டும். எப்பாக்ஸியில் பறந்துபோக ஒன்றும் இல்லை. ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று வேதிவினையில் சேர்ந்து இறுகுகின்றன, விட்ட அளவு கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். 1930களில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டான் என்ற வேதியியலாளர் இதைக் கண்டுபிடித்தபோது அவர் மனதில் இருந்தது பல்செட் செய்கிற வேலை. அது பல் வைத்தியத்தில் எடுபடாமல் போக, உரிமையை சீபா நிறுவனம் வாங்கி, 1946-ல் அரால்டைட் என்ற பெயரில் பசையாக வெளியே கொண்டுவந்தது. ஆக, நீங்கள் செய்யப்போவதும் ஒரு வகையில் பல் அடைக்கிற வேலைதான். அந்த நிதானத்தோடு செய்யுங்கள்.

முதலில் சுத்தம். டைனிங் டேபிள் என்றால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்காது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, அப்புறம் பனியன் துணியில் டர்பென்டைன் தொட்டு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் துணியின் புதுப்பக்கத்தால் துடைத்து எடுங்கள். பளபளப்புக்காக ஸ்பிரே அடிக்கிற பழக்கம் இருந்தால் இன்னும் கூடுதலாகத் துடைக்க வேண்டும், அந்த ஸ்பிரேக்களில் பலவற்றில் சிலிகான் இருக்கும், அதன்மேல் எப்பாக்ஸி விட்டால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி ஒட்டாமல் உருண்டு நிற்கும்.

அடுத்து, குழிக்குள் மட்டும் 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். பென்சிலின் ரப்பர் முனையில் சின்னத் துண்டு உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டால் கைக்கு அடங்கும். வழவழப்பான வார்னிஷில் எப்பாக்ஸிக்குப் பிடிமானம் கிடைக்காது, கீறல் இருந்தால்தான் பிடிக்கும். தேய்த்ததும் இடம் வெள்ளையடித்துப் போகும், பயப்படாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் பட்டதும் வெள்ளை மறைந்து பழைய நிறம் தெரிந்தால் எப்பாக்ஸி பட்டாலும் அப்படித்தான் மறையும். பார்த்துவிட்டு நன்றாகக் காயவிடுங்கள்.

குழியைச் சுற்றி ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி செலோ டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். வழிந்தால் டேப்போடு போகும்.

எப்பாக்ஸியில் ஐந்து நிமிட வகை வேண்டாம், மெதுவாக இறுகுகிறதை வாங்குங்கள். இரண்டு டியூபாக வருகிற சாதாரண அரால்டைட்டில் லேசான மஞ்சள் சாயல் உண்டு. தேக்கு நிறத்தின்மேல் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் அது தெரியாது. வெளிர் நிற மரமாக இருந்தால் தண்ணீர் மாதிரி தெளிவான வகையைத் தேட வேண்டும். பிளாஸ்டிக் டப்பா மூடியில் இரண்டையும் ஒரே நீளத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் பிதுக்கி, ஐஸ்கிரீம் குச்சியால் இரண்டு நிமிடம் முழுதாகக் கலக்குங்கள். முட்டை அடிக்கிற மாதிரி அடித்தால் நுரை வரும். மூடியோடு அழுத்தி மடித்து மடித்து, ஓரத்தில் ஒட்டியிருப்பதையும் வழித்துக் கலக்க வேண்டும். கலக்கியதும் ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள், பெரிய குமிழி தானாக மேலே வரும். ஹேர் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து சில விநாடி காட்டினால் எப்பாக்ஸி இளகி மீதிக் குமிழியும் வெடிக்கும். அதற்கு மேல் காட்ட வேண்டாம். பத்து டிகிரி சூடு ஏறினால் இறுகுகிற வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும், சித்திரை வெயிலில் மத்தியானம் இந்த வேலையைத் தொடாதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

பல்குத்தும் குச்சியால் தொட்டு, குழியின் நடுவில் விடுங்கள். அதுவாகப் பரவி ஓரத்தைத் தொடட்டும். அடுத்த சொட்டு. இப்படியே மட்டத்துக்கு வந்து, நடுவில் பருப்பளவு மேடு தெரிகிற வரைக்கும். மட்டத்தோடு நிறுத்தினால் காய்ந்தபின் தலைமுடி கனத்துக்காவது பள்ளம் மிஞ்சும், மறுபடி முதலிலிருந்து வேலை. அப்புறம் ஒரு டிபன் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். தூசிக்காக மட்டும் சொல்லவில்லை. ஒருமுறை மூடாமல் போனதில் ஒரு கொசு உள்ளே உறைந்துபோய், அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

முழுதாக ஒரு நாள், மழைக்காலமாக இருந்தால் இரண்டு நாள் தொடாதீர்கள்.

இனிமேல்தான் ஆபத்தான கட்டம், நிறையப் பேர் கெடுப்பதும் இங்கேதான். வார்னிஷின் கனம் தபால் அட்டையின் கனத்தைக்கூடத் தொடாது. எப்பாக்ஸி மேட்டை உப்புத்தாளை விரலில் பிடித்துக்கொண்டு தேய்த்தால், எப்பாக்ஸி கெட்டி, சுற்றியுள்ள வார்னிஷ் அதைவிட மெலிசு, மேடு குறைவதற்குள் சுற்றிலும் வளையமாக மரம் வெளியே தெரிந்துவிடும். அதனால் முதலில் பிளேடு. புது ஷேவிங் பிளேடின் இரண்டு முனையிலும் செலோ டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் மட்டும் கூர் தெரிகிற மாதிரி விட்டுவிடுங்கள். டேப் வார்னிஷ் மேல் சறுக்கும், நடுவில் இருக்கிற கூர் எப்பாக்ஸியை மட்டும் சீவும். பிளேடை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தாமல், சுரண்டுகிற மாதிரி இழுக்க வேண்டும். டேப் கனத்துக்கு மேடு மிஞ்சியதும் பிளேடை வைத்துவிட்டு, தட்டையான மரத்துண்டில் 600 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றி, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். ஒவ்வொரு ஐந்தாறு இழுப்புக்கும் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மட்டம் வந்ததும் 1000, 1500, 2000 என்று ஏறி, கடைசியில் கார் கடையில் கிடைக்கிற ரப்பிங் காம்பவுண்டைப் பனியன் துணியில் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு திரும்பிவிடும். உங்கள் மேசை மங்கல் பாலீஷாக இருந்தால் 1000-த்தோடு நின்றுவிடுங்கள்.

ஜன்னல் வெயில் நேராக விழுகிற மேசை என்றால் மேலே மெலிசாக ஒரு கோட்டிங் வார்னிஷ் அடித்துவிடுவது நல்லது. எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது, வருஷக்கணக்கில் பழுத்து மஞ்சளாகும்.

கண்டே பிடிக்க முடியாதா என்று கேட்பீர்கள். ஒரு கோணத்தில் குனிந்து பார்த்தால் தெரியும். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குத் தெரியாது.

கேள்வி: பள்ளத்தின் மேல் ஈரத்துணி போட்டு அயர்ன் பாக்ஸ் வைத்தால் மரம் தானாக உப்பி எழும்பும் என்கிறார்களே. அதற்கு எதற்கு எப்பாக்ஸி? (வாசகர், ஈரோடு)

உண்மைதான், வார்னிஷ் போடாத மரமாக இருந்தால் நானும் அதைத்தான் முதலில் செய்வேன். நசுங்கிய நார் அறுந்துபோகவில்லை, மடங்கித்தான் இருக்கிறது. ஆவி உள்ளே போனால் உப்பி நிமிர்ந்துவிடும். பலகை, மணை, பாலீஷ் போடாத ஸ்டூல் எல்லாவற்றுக்கும் அருமையான வைத்தியம், காசும் செலவில்லை. தேக்கு மாதிரி கெட்டி மரத்துக்கு நாலைந்து முறை வைக்க வேண்டியிருக்கும்.

வார்னிஷ் போட்டிருந்தால் கதை வேறு. தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்றுதானே வார்னிஷே போடுகிறோம்? ஆவி மேலேயே நிற்கும், சூட்டில் வார்னிஷ் வெளுக்கும் அல்லது கொப்புளிக்கும். குண்டூசியால் பள்ளத்தில் நுணுக்கமாகக் குத்தி, அந்த வழியாக ஆவி விடுகிறவர்கள் உண்டு. நானும் இரண்டு முறை செய்திருக்கிறேன். ஒன்று நன்றாக எழும்பியது, இன்னொன்றில் காபி டம்ளர் வைத்த மாதிரி வெள்ளை வளையம் விழுந்து அதைப் போக்கவே ஒரு நாள் ஆனது. அதோடு நான் விட்டுவிட்டேன்.

பிளைவுட் மேல் வினீர், அதாவது மெலிசான மரத்தகடு, ஒட்டிய மேசை என்றால் அயர்ன் பாக்ஸைப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம், ஃபெவிகால் இளகி வினீர் தனியாக எழும்பிவிடும். மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை ஈரம் பட்டால் அப்பளம் மாதிரி உப்பும். அது திரும்ப அமுங்காது.

கேள்வி: செட்டிநாட்டில் இருக்கிற எங்கள் தாத்தா வீட்டு பர்மா தேக்கு அலமாரியில் நிறைய இடத்தில் பள்ளம். எப்பாக்ஸி விடலாமா? அது வார்னிஷா வேறு ஏதாவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், மதுரை)

விடாதீர்கள். எப்பாக்ஸி டியூபை வாங்குவதற்கு முன்னால், அலமாரியின் பின்பக்கம் அல்லது கதவின் உள்ஓரத்தில் பாலீஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கிற ஸ்பிரிட்டை ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது பிரெஞ்ச் பாலீஷ், அதாவது அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல், பெயின்ட் கடையில் கிடைக்கிற என்.சி. தின்னருக்குக் கரைந்தால் லேக்கர். இரண்டுக்கும் கரையாமல் நின்றால் எண்ணெய் வார்னிஷ், மெலமைன், பி.யு. (பாலியூரிதேன்) இப்படி ஏதாவது ஒன்று. அந்தக் காலத்து வீட்டுச் சாமான் என்றால் பெரும்பாலும் முதல் ரகமாகத்தான் இருக்கும்.

(இடையில் ஒன்று. கடையில் “கோபால் வார்னிஷ்” என்று கேட்டு வாங்குகிறோமே, அது ஏதோ கோபால் என்பவர் கம்பெனி ஆரம்பித்து விற்ற சரக்கு என்று நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். கோபல் என்பது ஒரு மரப்பிசின். மெக்சிகோப் பழங்குடிகள் சாம்பிராணி மாதிரி புகைபோட்ட பிசினின் பெயர், சுற்றிச் சுற்றி வந்து நம் ஊரில் கோபால் ஆகிவிட்டது.)

அரக்குப் பாலீஷுக்கு ஏன் எப்பாக்ஸி வேண்டாம் என்கிறேன் என்றால், அரக்கின் பெரிய குணமே, எண்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட கோட்டிங்கும் இன்றைக்கு நீங்கள் போடுகிற கோட்டிங்கும் ஸ்பிரிட்டில் கரைந்து ஒன்றாகக் கலந்துவிடும் என்பதுதான். பள்ளம் நிரப்பியதே தெரியாது, பிடிக்கவில்லை என்றால் கரைத்தும் எடுத்துவிடலாம். எப்பாக்ஸி அப்படி இல்லை. ஒருதரம் போனால் எதற்கும் கரையாது. நாளைக்கு யாராவது அலமாரி முழுவதையும் புதுப்பிக்க நினைத்து ஸ்பிரிட்டால் துடைத்தால், மற்றதெல்லாம் கரைந்து எப்பாக்ஸி மட்டும் திட்டுத்திட்டாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

அரக்குச் செதில் வாங்கி ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, தேன் பதத்துக்குக் கெட்டியாகக் கரைத்துக்கொண்டு, பள்ளத்தில் சின்னத் தூரிகையால் தினம் ஒரு சொட்டு வையுங்கள். பத்துப் பதினைந்து நாள் ஆகும். அவசரம் என்றால் பழைய ஆசாரிகள் செய்கிற மாதிரி, அரக்குக் குச்சியைச் சூடான கத்தியில் உருக்கிப் பள்ளத்தில் இறக்கலாம். ஆனால் கை பழகாதவர்கள் நல்ல சாமானில் முதல் முறையாக அதை முயற்சி பண்ணாதீர்கள். பழைய பலகையில் நாலு நாள் பழகிவிட்டு வாருங்கள்.

எல்லாப் பள்ளத்தையும் நிரப்பியே ஆக வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். சாவிக்கொத்து இடித்து இடித்துப் பூட்டுக்குக் கீழே ஒரு குழி இருக்குமே, நானாக இருந்தால் அதைத் தொடமாட்டேன்.

கேள்வி: என் மகள் ரெசின் ஆர்ட் செய்கிறாள். வீட்டில் அந்த ரெசின் பாட்டில் மீதி நிறைய இருக்கிறது. அதையே மேசைப் பள்ளத்துக்குப் பயன்படுத்தலாமா? (வாசகி, கோவை)

தாராளமாக. சொல்லப்போனால் டியூப் பசையைவிட அது இந்த வேலைக்கு மேல். தண்ணியாக இருக்கும், குமிழி சுலபமாக வெளியேறும், தெளிவும் அதிகம். ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, கலக்கும் விகிதம். டியூபில் வருகிற பசைக்குச் சமபங்கு. ஆர்ட் ரெசினில் இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதுவும் சிலவற்றில் எடைக் கணக்கு, சிலவற்றில் அளவுக் கணக்கு. பாட்டிலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம். ஹார்டனர் கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைக்காதீர்கள். அது பெயின்ட் சீக்கிரம் காய்வதற்கு டிரையர் என்ற திரவத்தைச் சேர்க்கிற மாதிரி இல்லை. கூடினாலும் குறைந்தாலும் மீதியாகிறது ஜோடி சேராமல் உள்ளேயே தங்கி, ஆயுசுக்கும் பிசுபிசுக்கும். உங்களுக்குத் தேவை நாலு சொட்டுதான், ஆனால் நாலு சொட்டில் விகிதம் பார்க்க முடியாது. பத்து மில்லியாவது கலக்குங்கள். மிச்சத்தை மகள் ஒரு கீ செயினாக ஊற்றிக்கொள்ளட்டும்.

இரண்டாவது, கையுறை. ரப்பர் வாசனை வராத நைட்ரைல் கையுறை மருந்துக் கடையிலேயே கிடைக்கும். ஹார்டனர் தோலில் பட்டால் முதல் நாள் ஒன்றும் ஆகாது, இரண்டாவது நாளும் ஒன்றும் ஆகாது, திடீரென்று ஒருநாள் அரிப்பும் தடிப்பும் வந்து, அதன்பின் மூடியைத் திறந்தாலே உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் இதனாலேயே எப்பாக்ஸி வேலையை விட்டார். கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும் மட்டும். தின்னரால் துடைத்தால் அதைத் தோலுக்குள் நீங்களே அனுப்பி வைக்கிற மாதிரி. மகளிடமும் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. பீரோ ஏற்றும்போது தேக்குக் கதவின் நடுவில் இடித்து வார்னிஷ் பெயர்ந்து, வெள்ளையாக மரம் தெரிகிற அளவுக்குக் குழி. அடுத்த மாதம் காலி செய்கிறோம், அட்வான்ஸில் பிடிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. தெளிவான எப்பாக்ஸி போதுமா? (வாசகர், சென்னை)

உங்களுக்குப் போதாது. கும்பகோணம் வாசகிக்கு நிறம் உள்ளே இருக்கிறது, உங்களுக்கு நிறம் போய்விட்டது. வெறும் எப்பாக்ஸியை ஊற்றினால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி அந்தக் குழி இன்னும் நன்றாகத் தெரியும்.

முதலில் பெயர்ந்து ஆடுகிற வார்னிஷ் ஓரங்களைப் பிளேடால் சுரண்டி எடுங்கள். நிமிர்ந்து நிற்கிற நாரை உப்புத்தாளால் படியவையுங்கள். இப்போது ஈரத்துணியால் குழியை ஒற்றிப் பாருங்கள், எப்பாக்ஸி பட்டால் மரம் எந்த நிறத்துக்கு இருளுமோ அந்த நிறம் அப்போது தெரியும். பழைய தேக்காக இருந்தால் அதிர்ஷ்டம் இருந்து அதுவே சுற்றியுள்ள நிறத்தோடு பொருந்திவிடும். பொருந்தவில்லை என்றால் மரத்துக்குப் போடுகிற ஸ்டெயின், தேக்கு நிறத்தில், பஞ்சில் தொட்டு ஒற்றி ஒற்றி ஏற்றுங்கள். வேண்டியதைவிட ஒரு துளி வெளிறலாகவே நிறுத்துவது நல்லது. கூட்டுவது சுலபம், குறைக்க முடியாது. நன்றாகக் காய ஒரு நாள்.

ஆழமான குழி என்றால் நான் இரண்டு அடுக்காகச் செய்வேன். அடி அடுக்கில் எப்பாக்ஸியோடு தேக்குத் தூளும் துளி காவிப்பொடியும் கலந்து, மட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் கீழே வரை. அது காய்வதற்குள் குண்டூசி முனையால், பக்கத்தில் ஓடுகிற ரேகையின் போக்கிலேயே இரண்டு மூன்று கோடு இழுத்துவிடுவேன். மேல் அடுக்கு தெளிவானது மட்டும். நிறம் மேலாக அப்பிய மாதிரி இல்லாமல் உள்ளேயிருந்து தெரிவதால் கண் ஏமாந்துபோகும். தண்ணீரில் கரைகிற வண்ணங்களை எப்பாக்ஸியில் கலக்காதீர்கள், காய்ந்த பொடியாகத்தான் இருக்க வேண்டும்.

கதவு நிற்கிறதே, வழியாதா? வழியும். கீலைக் கழற்றிப் படுக்கப்போட முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: பால் பாக்கெட் கவர். அதைக் கழுவிக் காயவைத்து, மழமழப்பான பக்கம் உள்ளே இருக்கிற மாதிரி, எப்பாக்ஸி வைத்த குழியின் மேல் கீழிருந்து மேலாக நீவி ஒட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுவிடுங்கள். பாலித்தீனில் எப்பாக்ஸி ஒட்டாது. மறுநாள் உரித்தால் அடியில் ஏறக்குறைய மட்டமாகவே இருக்கும், தேய்க்கிற வேலை பாதியாகக் குறையும். பிறகு அந்தப் பலகை முழுவதற்கும் மெலிசாக ஒரு கை வார்னிஷ்.

அட்வான்ஸ் விஷயம் என் துறை இல்லை. ஆனாலும் வேலையில் இறங்குவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உங்கள் ஒற்றை வரியை நம்பி ஐந்து நிமிட எப்பாக்ஸியை விட்டேன். மூன்று நாளாகியும் விரலில் ஒட்டுகிறது. உள்ளே சோடா மாதிரி குமிழி. இப்போது என்ன செய்வது? (வாசகர், நாகர்கோவில்)

மன்னிக்க வேண்டும். ஒட்டுவதில் இரண்டு வகை உண்டு. மேலே மட்டும் மெழுகு மாதிரி வழுவழுவென்று ஒரு படலம், நகத்தால் அழுத்தினால் உள்ளே கெட்டி என்றால் அது ஈரக்காற்றில் ஹார்டனர் விடுகிற படலம்தான். உங்கள் ஊர் மழையில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போய்விடும். நகம் உள்ளே இறங்குகிறது என்றால் விகிதம் தப்பு, அல்லது கலக்கியது போதாது. ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும் என்ற பதற்றத்தில் அரை நிமிடம் கலக்கி ஊற்றியிருப்பீர்கள். குமிழிக்கும் அதுதான் காரணம், வெளியே வர நேரமே இல்லை. அது இனிமேல் காயாது, இன்னும் ஒரு மாதம் விட்டாலும் அப்படியேதான் இருக்கும்.

எடுக்கத்தான் வேண்டும். ஹேர் டிரையரை நிறுத்தி நிறுத்திக் காட்டி, கையால் தொட முடியாத சூட்டுக்குக் கொண்டுவந்தால் எப்பாக்ஸி பாலாடைக்கட்டி மாதிரி இளகும். மரக்குச்சியைக் கூராகச் சீவி அதால் கிளறி எடுங்கள், கத்தி வேண்டாம். மிச்சப் பிசுக்கை ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒற்றி எடுக்கலாம். நெயில் பாலீஷ் ரிமூவர் வேகமாக வேலை செய்யும்தான், ஆனால் அது வார்னிஷையும் சேர்த்துத் தின்னும். பிறகு 320 நம்பர் உப்புத்தாளிலிருந்து மறுபடி.

கேள்வி: ஃபெவிக்விக் போதாதா? (வாசகர், திருப்பூர்)

கடுகளவு குழிக்குப் போதும். மெலிசாக ஒரு சொட்டு, காய்ந்ததும் இன்னொன்று. மொத்தமாக ஊற்றினால் புகைந்து சுற்றிலும் வெள்ளைப் படலம் விழும். உள்ளே இறுகவும் இறுகாது. பெரிய குழியில் அது கண்ணாடி மாதிரி நொறுங்கும், அடுத்த இடியில் சில்லாகப் பெயர்ந்து வரும். எம்-சீல் போடலாமா என்று கேட்ட இருவருக்கும்: அது தண்ணீர்க் குழாய்க்கு.

கேள்வி: என் வீணையின் குடத்தில் சின்னப் பள்ளம் விழுந்துவிட்டது. பலா மரம், தஞ்சாவூரில் வாங்கியது. எப்பாக்ஸியால் அடைத்தால் நாதம் மாறுமா? (வாசகி, ஸ்ரீரங்கம்)

அரை சொட்டு எப்பாக்ஸியால் நாதம் மாறுவது யார் காதுக்கும் கேட்காது. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. குடம் வளைவானது. மேலே சொன்ன பிளேடு, மரத்துண்டு, மட்டம் எல்லாம் தட்டையான பரப்புக்கான வித்தை. வளைவில் தேய்த்தால் ஒரு இடம் தட்டையாகி, பள்ளத்தைவிட அந்தத் தட்டைதான் கண்ணில் குத்தும். அதுவும் போக, மேலே இருப்பது அரக்குப் பாலீஷாக இருந்தால் மதுரை வாசகருக்குச் சொன்னதேதான் உங்களுக்கும்.

பள்ளத்தைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். விரலால் தட்டிப் பார்த்து, மற்ற இடத்தில் வருகிற சத்தத்துக்கும் அங்கே வருகிற சத்தத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். விரிசல் இருந்தால் வீணையை வாங்கிய பட்டறைக்கே கொண்டுபோங்கள், நடுவில் யாரும் பசை எதுவும் போட வேண்டாம். போட்ட பசையைச் சுரண்டி எடுக்கிற வேலைதான் அவர்களுக்கு முதல் தலைவலியாக இருக்கும். விரிசல் இல்லை என்றால், அடுத்த முறை மெட்டுகளைப் பதித்திருக்கிற மெழுகை மாற்றக் கொண்டுபோகும்போது இதையும் சேர்த்துக் காட்டுங்கள். அதுவரை வாசித்துக்கொண்டிருங்கள், ஒன்றும் ஆகாது.